மறைவுக்குப் பிந்தைய சட்ட, நிதி நடைமுறைகள்: கழக்கூட்டம்

கழக்கூட்டம், கேரளத்தின் திருவனந்தபுரம் மாநகராட்சிக்குள் அடங்கிய பகுதி. 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் இங்குதான் உள்ளது. இங்கே வேலைபார்க்கும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இறந்தால், அவர் குடும்பம் இரு மாநில அலுவலகங்களிலும் ஏறி இறங்க நேரிடும். எந்தத் தாளை எங்கே வாங்குவது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த அலைச்சல் பெரிதும் குறையும்.

இறப்புப் பதிவு

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு நிகழ்ந்த இடத்தில் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். உடலை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தாலும், கழக்கூட்டத்தில் நேர்ந்த இறப்புக்குச் சான்றிதழ் தருவது திருவனந்தபுரம் மாநகராட்சிதான். மருத்துவமனையில் இறந்தால் மருத்துவமனையே தகவல் தரும். வீட்டில் இறந்தால் குடும்பத்தார் தெரிவிக்க வேண்டும். 2024 முதல் உள்ளாட்சிச் சேவைகளுக்கான கே-ஸ்மார்ட் இணையதளத்திலும் பதியலாம். பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் வங்கி விண்ணப்பத்தைத் திருப்பிவிடக்கூடும்.

வாரிசுச் சான்றிதழ்

கேரளத்தில் வாரிசுச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தைக் கிராம அலுவலகம் விசாரிக்கும். அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைக்கு 30 நாள் அவகாசம் தந்தபின் தாசில்தார் சான்றிதழ் வழங்குவார். நாமினி இல்லாத பெருந்தொகைக்கும் பங்குகளுக்கும், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றத்தில் பெறும் வாரிசுரிமைச் சான்றிதழ் தேவைப்படலாம்.

நாமினியும் வாரிசும்

நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர். அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பங்குகளுக்கும் இதுவே விதி என்று 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயில் இல்லாத நிலையில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். திருமணத்துக்கு முன் தந்தையை நாமினியாக எழுதிவிட்டு அப்படியே விட்டவர்களின் வீடுகளில் இதனால் மனக்கசப்பு உண்டாகிறது. திருமணமானதும் நாமினியை மாற்றுவது குடும்பத்துக்குச் செய்யும் பெரிய உதவி.

வைப்புநிதி, வங்கி, கடன்

வருங்கால வைப்புநிதியில் உள்ள ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்தால், சேமிப்பு, குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றுடன், இடிஎல்ஐ காப்பீடாக 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதற்கு ஊழியர் தவணை கட்டுவதில்லை என்பதால் பல குடும்பங்கள் கேட்காமலேயே விட்டுவிடுகின்றன. பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கி வைப்பு ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அதன் பிறகும் வாரிசுகள் அதைக் கோரலாம். மறைந்தவரின் கடனுக்கு வாரிசுகளின் பொறுப்பு, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான். கூட்டுக்கடனோ ஜாமீனோ இல்லாதபோது, வசூலுக்கு வருபவரின் வற்புறுத்தலுக்காகச் சொந்தப் பணத்தைக் கட்ட வேண்டியதில்லை.