தீப்பெட்டிக்குள் ஓடிய ரயில்

பொம்மை வண்டி சேகரிக்கிற ஆட்களிடம் "மேட்ச்பாக்ஸ்" என்று சொல்லிப் பாருங்கள். தீப்பெட்டி ஞாபகம் வராது, உள்ளங்கையில் அடங்குற சின்னக் கார்தான் ஞாபகம் வரும். விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் பிறந்தவனுக்கு அப்படி வருமா? நமக்குத் தீப்பெட்டின்னா தீப்பெட்டிதான். பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒட்டுவாங்க, லாரியில் ஏறிப் போகும், காலியானதும் நாம வண்டி செய்வோம். இந்த ரெண்டு தீப்பெட்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. மாடல் ரயில், நீராவி இஞ்சின்னு அலையுற என்னை மாதிரி ஆசாமிகள் வழக்கமா லண்டன், ஜெர்மனின்னு ஆரம்பிச்சு அங்கேயே முடிச்சுடுவோம். நம்ம மாவட்டமும் இந்தக் கதையில் இருக்கு. கொஞ்சம் சங்கடமான இடத்தில் இருக்கு.

முதல்ல அவங்க கதை. 1947ல் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்று இரண்டு பள்ளித் தோழர்கள் (பேர்தான் ஒண்ணு, சொந்தக்காரங்க இல்லை) லண்டனில் உலோக வார்ப்புக் கம்பெனி ஒன்று தொடங்கினார்கள. முதலாமவர் பேரின் தலையும் இரண்டாமவர் பேரின் வாலும் சேர்ந்து 'லெஸ்னி' ஆச்சு. பின்னால் ஜாக் ஓடெல் என்ற கைதேர்ந்த வார்ப்புக்காரர் வந்து சேர்ந்தார். இவருடைய மகள் படித்த பள்ளியில் ஒரு விதி: தீப்பெட்டிக்குள் அடங்குற பொம்மைதான் வகுப்புக்குக் கொண்டு வரலாம். அப்பா பித்தளையில் குட்டியா ஒரு ரோடு ரோலர் செஞ்சு தீப்பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தார். மற்ற பிள்ளைகள் எல்லாம் எனக்கு எனக்குன்னு கேட்க, 1953ல் 'மேட்ச்பாக்ஸ்' வரிசை கடைக்கு வந்தது. அட்டைப்பெட்டியைக்கூட தீப்பெட்டி மாதிரியே செஞ்சாங்க. அதே வருசம் எலிசபெத் ராணி முடிசூட்டு விழா. லெஸ்னி செய்த குட்டி ராஜரதம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

நீராவிப் பைத்தியங்களுக்கு முக்கியமான வருசம் 1956. 'மாடல்ஸ் ஆஃப் யெஸ்டர்இயர்' என்று பழைய காலத்து வண்டிகளுக்காகத் தனி வரிசை ஆரம்பிச்சாங்க. ஓடெலின் செல்லப்பிள்ளை அது. அதில் முதல் நம்பர் என்ன வண்டி தெரியுமா? ரோல்ஸ்ராய்ஸ் இல்லை. 1925ஆம் வருசத்து ஆல்ச்சின் டிராக்ஷன் இஞ்சின். தண்டவாளம் இல்லாமல் மண் ரோட்டில் பாரம் இழுக்கும், களத்தில் கதிரடிக்கிற மெஷினையும் ஓட்டும் நீராவி இஞ்சின். அடுத்தடுத்து சென்டினல் நீராவி லாரி, ஏவ்லிங் போர்ட்டர் ஸ்டீம் ரோலர் எல்லாம் வந்தன. ஏவ்லிங் போர்ட்டர் ரோலர்கள் நம்ம நாட்டு ரோடுகளிலும் உருண்டவைதான். டீசல் வந்து இத்தனை வருசம் ஆகியும் நம்ம ஊர் பெரிசுகள் அதை "ரோடு இஞ்சின்" என்றுதான் சொல்லுவாங்க. பேரு நீராவிக் காலத்துலயே நின்னுபோச்சு.

கடையில் வாங்குகிற பொம்மைக்கு முன்னாடியே, கையால் செய்கிற கூட்டம் ஒன்று இருந்தது. 1898ல் 'மாடல் இஞ்சினியர்' என்ற பத்திரிகை இங்கிலாந்தில் தொடங்கியது. பட்டறைத் தொழிலாளி, குமாஸ்தா, வாத்தியார் எல்லாம் வீட்டுக் கொல்லையில் ஒரு கடைசல் மெஷினைப் போட்டுக்கிட்டு நிஜமாகவே ஓடும் குட்டி இஞ்சின்களைச் செஞ்சு, செய்முறையை அதில் பகிர்ந்துக்கிட்டாங்க. இதில் ஒரு நிஜமான தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. நீள அகல உயரத்தைப் பாதியாக்கினால் பாய்லரின் மேற்பரப்பு நாலில் ஒன்றாகும், கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிடும். சின்ன பாய்லர் பெரிசைவிட வேகமா சூட்டை இழந்துடும். தணலும் நிற்காது. அதனால கரி போட்டு ஓட்டுறதெல்லாம் நடக்காது, ஸ்பிரிட் விளக்குதான் சரின்னு பெரிய தலைகள் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

இதை உடைச்சவர் 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் எழுதிய ஒரு முன்னாள் ரயில்வேக்காரர். லண்டன், பிரைட்டன், தென்கடற்கரை ரயில்வேயில் வேலை பார்த்ததால் அந்தக் கம்பெனியின் முதலெழுத்துகளையே பேரா வச்சுக்கிட்டார். இரண்டரை அங்குல அகலத் தண்டவாளத்தில், கரி எரித்து ஓடும் 'ஆயிஷா' என்ற தன் இஞ்சினால் ஆளையே இழுத்துக் காட்டினார். 1924ல் இதையொட்டி நடந்த சண்டைக்கு 'பாய்லர் யுத்தம்' என்றே பேர். அதுக்கப்புறம் பல வருசம் வாராவாரம் எழுதினார். பாடப்புத்தக நடையெல்லாம் கிடையாது. பக்கத்துல உட்கார்ந்து, "இப்ப அந்தத் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்து" என்கிற மாதிரி பேச்சு. நாம இங்க எழுதுற நடைக்கு அந்த மனுசன் ஒரு பெரியப்பா முறை வேணும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மதுரை-தூத்துக்குடி மீட்டர் கேஜ் பாதை 1876ல் திறந்தபோது, நடுவில் இருந்த விருதுபட்டிக்கும் ரயில் வந்தது. ஊர் விருதுநகர் என்று பேர் மாறியது 1923ல். அதற்கு முந்தின வருசம், 1922ல், சிவகாசியில் இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள கல்கத்தா போனார்கள். திரும்பி வந்து ஆரம்பித்த தொழில்தான் பின்னால் அணில், காக்கா மார்க்குகளாகப் பிரிந்து ஊரையே மாற்றியது. 1927ல் விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியா தென்காசிக்கு ரயில் பாதை. ஸ்வீடன் கம்பெனியின் விம்கோ மெஷினில் குச்சி செய்துகொண்டிருந்த காலத்தில் சிவகாசிக்காரர்கள் கையால் செய்து போட்டியில் நின்றார்கள். பெட்டிக்கு லேபிள் வேணும்னு அச்சுத்தொழில் வளர்ந்தது, மருந்து கைவசம் இருந்ததால் பட்டாசு வந்தது.

இந்தப் பாதையை மாடலாச் செய்யணும்னு ஆசைப்பட்டா ஒரு வேடிக்கை இருக்கு. உலகத்தில் அதிகம் புழங்குற மாடல் அளவு 87ல் ஒரு பங்கு. மீட்டர் கேஜை அந்தக் கணக்கில் சுருக்கினால் சுமார் 12 மி.மீ. அந்த அகலத்தில் தண்டவாளம் கடையில் கிடைக்கும், ஏன்னா ஸ்விட்சர்லாந்து மலை ரயில்கள் மீட்டர் கேஜ். அதுக்குப் பித்துப் பிடிச்ச கூட்டம் ஐரோப்பா முழுக்க இருக்கு. ஆனா நம்ம அகலப் பாதையைச் சுருக்கினால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். கடைச்சரக்கு 16.5 மி.மீ. தான். ஆக, இப்போ ஓடுற பொதிகை எக்ஸ்பிரசைச் சரியான அளவில் ஓட்டத் தண்டவாளத்தை நாமே செய்துக்கணும். நம்ம தாத்தா போன பழைய சிவகாசி ரயிலுக்கு ஸ்விஸ் தண்டவாளம் ரெடி!

தண்டவாளம் ரெடி, மேல ஓட இஞ்சின்தான் இல்லை. தெற்கு ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்.பி. வகை இஞ்சின்கள் மொத்தம் 871 செய்யப்பட்டன. ஓட்டுசக்கர விட்டம் 1372 மி.மீ.; 87ல் ஒரு பங்குன்னா 16 மி.மீ.கூட வராது, சட்டைப் பொத்தான் அளவு. இதைக் கடையில் கேட்டால் கிடைக்காது. செய்து வச்சிருக்கிறவர்கள் எல்லாம் பித்தளைத் தகடும் சால்டரிங் இரும்புமா வீட்டு மாடியில் தனியா மல்லுக்கட்டினவங்கதான். நிஜ இஞ்சினையே புதுசா செய்யறவங்களும் நம்ம பக்கம் உண்டு: 2021ல் திருச்சி பொன்மலைப் பணிமனை, நீலகிரி மலை ரயிலுக்காகக் கரியில் ஓடும் புது இஞ்சின் ஒன்றைச் செஞ்சு வெளியே விட்டது. நாட்டில் கடைசி மீட்டர் கேஜ் நீராவி இஞ்சின் 1972ல் சித்தரஞ்சனில் முடிஞ்சபோது, இதை யாரும் நினைச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க.

ஸ்விஸ் தண்டவாளம் வாங்கக் காசில்லாத நம்ம பிள்ளைகள் சும்மா இருந்ததா? காலித் தீப்பெட்டியின் உள்தட்டைப் பாதி இழுத்து, மீதியை அடுத்த பெட்டியின் கூட்டுக்குள் சொருகினால் இணைப்பு தயார். பத்துப் பெட்டி சேர்த்தா கூட்ஸ். முன்னால் நூல்கண்டுக் கட்டை ஒண்ணு நிறுத்தினா புகைபோக்கி. சக்கரத்துக்கு ஊசிமருந்து பாட்டிலின் ரப்பர் மூடி, அச்சுக்கு ஈர்க்குச்சி. அப்போதைய பெட்டி மரச்சீவலில் செய்து நீலக் காகிதம் ஒட்டினது, அட்டையைவிட நல்லா தாங்கும்.

நீராவிக்கும் வழி இருந்தது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் தகரப் படகு விப்பாங்க. உள்ளே ஒரு சின்ன விளக்கைக் கொளுத்தி வச்சு, தண்ணி நிரம்பின அண்டாவில் விட்டா "டப டப டப"ன்னு சுத்தி வரும். 1891லேயே இங்கிலாந்தில் தாமஸ் பியோட் என்பவர் பெயரில் காப்புரிமை வாங்கின சங்கதி அது. பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. தகடு சூடாகி உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகும். ஆவி, குழாயில் உள்ள தண்ணியைப் பின்னால் ஒரே நேர்கோட்டில் தள்ளும். ஆவி குளிர்ந்ததும் தண்ணி எல்லாப் பக்கத்திலிருந்தும் உள்ளே வரும். தள்ளும்போது ஒரு திசை, உறிஞ்சும்போது பல திசை, அதனால படகு முன்னாடி போகும். சத்தம் போடுறது மேலே இருக்கிற மெல்லிய தகடு. உலகத்திலேயே மலிவான நீராவி இஞ்சின் இதுதான்னு எவன்கிட்டயும் பந்தயம் கட்டுவேன்.

அசல் சிவகாசிச் சரக்குன்னா பட்டாசு ரயில். ரெண்டு கம்பத்துக்கு நடுவுல இழுத்துக் கட்டின நூலில் கோத்துப் பத்த வச்சா 'சர்ர்ர்'னு ஒரு கோடிக்குப் போகும், அங்க போய் ஒரு நொடி யோசிக்கும், அப்புறம் மறுபடி திரும்பி வரும். எதிரெதிரா முகம் வச்ச ரெண்டு மருந்துக் குழாய், நடுவுல ஒரு திரி. முதல் குழாய் எரிஞ்சு முடியுறப்ப நெருப்பு ரெண்டாவதுக்குத் தாவும், அவ்வளவுதான் சூட்சுமம். இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் ஈஸ்டர் அன்று இதே வித்தையைப் புறா உருவத்தில் செய்யறாங்க. கோயில் பீடத்திலிருந்து கம்பியில் பறந்து போய், வாசலில் நிக்குற தேரில் உள்ள வாணத்தைக் கொளுத்திட்டு வரும். அவங்க புறான்னாங்க, நம்மாளு ரயில்னான். என் ஓட்டு ரயிலுக்குத்தான்.

இப்போ அந்தச் சங்கடமான இடம். லண்டன் பள்ளிக்கூடத்துல தீப்பெட்டி, ஒரு பிள்ளை கொண்டு வரலாம்கிற பொம்மைக்கு அளவுகோலா இருந்துச்சு. சிவகாசி வட்டாரத்துல தீப்பெட்டியே பிள்ளை செய்ற வேலையா இருந்துச்சு. விடியுறதுக்கு முன்னாடி கிராமம் கிராமமா வந்து ஏத்திக்கிட்டுப் போற ஆலை பஸ்தான் அந்தப் பிள்ளைகள் தினமும் பார்த்த வண்டி. குச்சி அடுக்கணும், பெட்டி ஒட்டணும், கூலி எண்ணிக்கைக்கு. 144 பெட்டி ஒரு குரோஸ். 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலேயே தீப்பெட்டி, பட்டாசு ஆலைகள் தடைப் பட்டியலில் இருந்தன. அப்புறமும் வேலை நடந்தது. சலம் பென்னூர்கர் 1990ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் இதைத்தான் காட்டியது. சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும்.

எங்க தெருவுல சின்ன வயசில் பெட்டி ஒட்டின ஒரு அக்கா இருக்காங்க. தீப்பெட்டி ரயில் செஞ்சிருக்கீங்களாக்கான்னு கேட்டேன். "ஒட்டின பெட்டியில விளையாடினா குரோசுல குறையும்லடா" என்றார். கையில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பெட்டி, அதில் ஒண்ணு ரயில் பெட்டி ஆகலை. நான் அடுக்கி விளையாடின காலிப் பெட்டிகளும் அப்படி யாரோ ஒரு பிள்ளை ஒட்டினதாத்தான் இருந்திருக்கும். மேட்ச்பாக்ஸ் கார் சரித்திரம்னு எழுதுற புத்தகங்களில் தீப்பெட்டி ஒரு நல்ல பேரா மட்டும் வந்து போகும். விருதுநகர் மாவட்டத்துக்காரன் அப்படி எழுத முடியாது.

அந்த அக்கா வீட்டுப் பரணில் பழைய லேபிள் கத்தை ஒண்ணு இருந்தது. புலி, தாமரை, கப்பல், நடுவுல ஒரு ரயில் இஞ்சின். படம் வரைஞ்சவர் இஞ்சினை நேர்ல பார்த்திருப்பார், ஆனா சக்கரத்தை எண்ணலை போல. ஒரு பக்கம் அஞ்சு சக்கரத்தை வரிசையா போட்டு, எல்லாத்தையும் ஒரே தண்டில் கோத்திருக்கார். அப்படி ஒரு இஞ்சின் இந்தப் பாதையில் ஓடினதே இல்லை. புகை மட்டும் அச்சு அசல். உங்க வீட்டிலும் ரயில், கார், ரோடு இஞ்சின் படம் போட்ட பழைய லேபிள் கிடந்தா பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடாதீங்க. பின்பக்கம் பென்சிலால் எந்த ஊர்ல கிடைச்சது, எந்த அச்சகம்னு எழுதி வையுங்க. பெட்டி ஒட்டினது யாருன்னு தெரிஞ்சா அவங்க பேரையும் சேர்த்து எழுதுங்க.