தெறுபொருளும் உல்குபொருளும்: எபிரேயரும் இரு வேந்தரும்

முன்னுரை

வேந்தனுக்குரிய பொருளாக உறுபொருள், உல்குபொருள், தெறுபொருள் என மூன்றனைத் திருக்குறளின் பொருள்செயல்வகை அதிகாரம் எண்ணுகிறது. உடையவர் இன்மையால் தானே வந்துறுவது உறுபொருள். சுங்கமாக வருவது உல்குபொருள். பகைவரை வென்று கொள்ளும் திறை தெறுபொருள். ஓர் அரசு ஓர் இனத்தாரை எவ்வாறு நடத்திற்று என்பதை அறிவதற்கு, இவற்றுள் எதனை அவர்களிடமிருந்து கொண்டது, எதனைக் கொள்ளாது விட்டது என்று காண்பது நல்லதோர் அளவுகோலாகும். எபிரேயருடன் தொடர்புகொண்ட இரு வேந்தரின் ஆவணங்களை இவ்வளவுகோல் கொண்டு ஒப்பிடலாம். ஒருவன் பாபிலோனிய வேந்தன் இரண்டாம் நேபுகாத்நேச்சார் (கி.மு. 605 - 562). மற்றவன் மகோதையிலிருந்து ஆண்ட சேரமான் பாஸ்கர இரவிவர்மன். இருவரின் ஆவணங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1600 ஆண்டுகள் உள்ளன. எனினும், கேரள யூதர்களின் மரபுச் செய்திகளுள் ஒன்று பாபிலோனிய வேந்தனின் செயலையே அவர்களது கேரள வருகைக்குக் காரணமாகக் காட்டுகிறது. அம்மரபினை எவ்வாறு கொள்வது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பாபிலோனின் களிமண் ஏடுகள்

நேபுகாத்நேச்சார் எருசலேமை வென்ற செய்தி விவிலியத்தில் மட்டும் காணப்படுவதன்று. 1956இல் வைஸ்மேன் வெளியிட்ட பாபிலோனியக் குறிப்பேடு, அவ்வேந்தன் தன் ஏழாம் ஆட்சியாண்டில் யூதா நகரை முற்றுகையிட்டு, அதன் மன்னனைச் சிறைப்பிடித்து, தான் விரும்பிய ஒருவனை அரியணையில் அமர்த்தி, பெருந்திறை கொண்டு மீண்டான் என்று கூறுகிறது. நகரம் வீழ்ந்த நாள் கி.மு. 597 மார்ச்சு 16 எனக் கணிக்கப்பட்டுள்ளது. சிறைப்பட்டவன் யோயாக்கீன், அமர்த்தப்பட்டவன் சிதேக்கியா. சிதேக்கியா பின்னர்க் கிளர்ந்தெழுந்தபோது எருசலேம் மீண்டும் முற்றுகைக்குள்ளாகி, கி.மு. 587 அல்லது 586இல் கோயிலும் நகரும் அழிந்தன. மூன்று முறை கொண்டு செல்லப்பட்டோர் 3023, 832, 745 பேர், ஆகமொத்தம் 4600 பேர் என எரேமியா நூலின் இறுதி இயல் கணக்கிடுகிறது. இவையனைத்தும் தெறுபொருளின் வரலாறு. பொன்னும் வெள்ளியும் மட்டுமன்றி, கைவினைஞரும் படைவீரரும் அரச குடும்பத்தினரும் திறையாகவே கொள்ளப்பட்டனர்.

கொண்டு செல்லப்பட்டோரின் பிற்கால வாழ்வை வேறு ஏடுகள் காட்டுகின்றன. பாபிலோன் அரண்மனை அகழாய்வில் கிடைத்து, 1939இல் வைட்னரால் வெளியிடப்பட்ட படியளப்பு ஏடுகளில் யூதாவின் மன்னன் யோயாக்கீனின் பெயர் இடம்பெற்றுள்ளது. அவனுக்குப் பத்துச் சீலா எண்ணெயும், அவன் மைந்தர் ஐவர்க்கு இரண்டரைச் சீலா எண்ணெயும் அளக்கப்பட்டன. பிறர்க்கு ஆளுக்கு அரைச் சீலாவே கிடைத்தது. சிறையிலும் அவனது மன்னன் என்னும் பட்டம் நீக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 2014இல் பியர்சும் உன்ஷும் வெளியிட்ட மற்றொரு தொகுதி ஏடுகள், யூதா நகர் என்று பெயர் பெற்ற பாபிலோனியக் குடியிருப்பினைப் பற்றியவை. அவற்றுள் முற்பட்டது கி.மு. 572ஐச் சார்ந்தது. அங்குள்ளோர் அரசின் நிலத்தை உழுது, வரி இறுத்து, அரசுப்பணிக்கும் ஆள் தந்தனர். அடிமைச்சந்தையில் விற்கப்பட்டவர்களாக அல்லாமல், அரசின் குடிகளாகவே அவர்கள் வாழ்ந்தனர். ஆயினும் அக்குடியுரிமை அவர்கள் வேண்டிப் பெற்றதன்று. தெறுபொருளாகக் கொணரப்பட்டவர்கள் இறைசெலுத்தும் குடிகளாக மாற்றப்பட்டனர் என்பதே உண்மை.

மரபும் சான்றும்

கேரள யூதர்கள் தம் முன்னோரின் வருகைக்குப் பல காலங்களைக் கூறுவர். சாலமோனின் கடல்வாணிகக் காலம், நேபுகாத்நேச்சார் கோயிலை அழித்த காலம், உரோமர் கி.பி. 70இல் இரண்டாம் கோயிலை அழித்த காலம் என்பன அவற்றுள் முதன்மையானவை. எபிரேய விவிலியத்தில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்னும் சொல்லைத் தமிழ்த் 'தோகை'யோடு கால்டுவெல் இணைத்துக் காட்டியமை முதற்கருத்திற்கு வலுவூட்டுவதாகப் பலராலும் கொள்ளப்பட்டது. எனினும் ஒரு சொல்லின் பயணம் பண்டங்களின் பயணத்தைக் காட்டுமேயன்றி, ஒரு சமுதாயத்தின் குடியேற்றத்தை நிறுவாது.

கேரளத்தில் யூதர் இருந்தமைக்குரிய உறுதியான பழஞ்சான்று வேணாட்டு மன்னன் அய்யனடிகள் திருவடிகள் கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடாகும். திருவிதாங்கூர்த் தொல்லியல் தொகுதியின் வாயிலாகத் திருவனந்தபுரத்திலிருந்து வெளியிடப்பட்ட ஆவணங்களுள் இதுவும் ஒன்று. இதன் சான்றாளர்கள் கூஃபி, பகலவி ஆகிய எழுத்துகளிலும், எபிரேய எழுத்தில் பாரசீக மொழியிலும் கையொப்பமிட்டுள்ளனர். இம்மூன்றாம் வகையே இங்கு நோக்கத்தக்கது. எபிரேய எழுத்தில் பாரசீகம் எழுதுவோர் பாரசீக நிலப்பகுதியின் யூத வணிகராதல் வேண்டும். கி.மு. 539இல் பாபிலோனை வென்ற சைரசு நாடு திரும்ப இசைந்த பின்னரும், எபிரேயருள் பலர் அங்கேயே தங்கினர். மெசபொத்தாமியாவிலும் பாரசீகத்திலும் யூதச் சமுதாயங்கள் வேர்கொள்வதற்கு இவர்களே தொடக்கமாயினர். ஆகவே நேபுகாத்நேச்சார் காலத்தில் மரக்கலம் ஏறிவந்தோர் என்னும் மரபினைச் சொல்லளவில் ஏற்பதற்குச் சான்றில்லை. ஆயினும் கொல்லத்தில் கையொப்பமிட்ட வணிகரின் பின்னணி பாபிலோனிய இடப்பெயர்வில் தொடங்கும் நீண்ட வரலாற்றில் அமைந்துள்ளது என்னும் பொருளில், அம்மரபு முற்றிலும் வெறுங்கதையன்று.

முயிரிக்கோட்டுச் செப்பேடு

பாஸ்கர இரவிவர்மனின் செப்பேடு முயிரிக்கோட்டில், அதாவது கொடுங்கல்லூரில், அவனது 38ஆம் ஆட்சியாண்டில் வழங்கப்பட்டது. அதன் காலம் கி.பி. 1000 என எம்.ஜி.எஸ். நாராயணன் வரையறுத்தார். வட்டெழுத்தில், வடசொற்களுக்குக் கிரந்த எழுத்துக் கலந்து, தமிழுக்கு மிக அணுக்கமான மேலைக்கடற்கரை மொழியில் அது எழுதப்பட்டுள்ளது. ஈசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகனுக்கு அஞ்சுவண்ணமும் 72 விடுபேறுகளும் அதனால் அளிக்கப்பட்டன. பகல்விளக்கு, பாவாடை, அந்தோளம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம் ஆகியன அவற்றுள் பெயர் சுட்டப்பெறுவன. அஞ்சுவண்ணம் என்பது யூதர்க்கு மட்டுமே உரிய அமைப்பன்று. மேலையாசிய வணிகர் பலரையும் உள்ளடக்கிய வணிகக்குழு என எ. சுப்பராயலு விளக்கியுள்ளார்.

இச்சிறப்புரிமைகளினும் பொருட்படுத்தத்தக்கது வரிபற்றிய பகுதி. உல்கும் துலாக்கூலியும் அவனுக்கு விடப்பட்டன. நகரத்து ஏனைக் குடிகள் அரசனுக்கு இறுப்பதை அவன் இறுக்க வேண்டுவதில்லை. அவர்கள் பெறுவதை மட்டும் அவனும் பெறலாம் என்றும் ஆவணம் கூறுகிறது. அவனுக்குப் பின் ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள், மகளிரை மணந்தோர் என அனைவருக்கும் இவ்வுரிமை வழிவழியாகத் தொடரும். குறள் கூறும் மூவகைப் பொருளுள் உல்குபொருளை வேந்தன் தானே கைவிட்ட நிகழ்வு இது.

காந்தளூரும் காரணமும்

இவ்விடுபேற்றை வேந்தனின் வள்ளன்மை என்று மட்டும் கொள்ளுதல் போதாது. ஆவணத்தின் சான்றாளர் வரிசையில் வேணாடு, வெண்பொலிநாடு, ஏறநாடு, வள்ளுவநாடு, நெடும்புறையூர்நாடு ஆகியவற்றை உடையோரும் படைநாயகனும் உள்ளனர். ஒரு வணிகனுக்குரிய ஆவணத்தில் நாடாள்வோர் பலர் ஒருங்கே நிற்பது வழக்கமன்று. இராசராசன் தன் நான்காம் ஆட்சியாண்டு முதலே காந்தளூர்ச்சாலை வெற்றியைத் தன் கல்வெட்டுகளில் கூறிவருகிறான். இன்றைய திருவனந்தபுரத்து வலியசாலையே காந்தளூர்ச்சாலை என்பது பலரும் கொள்ளும் கருத்து. சேரமானையும் பாண்டியரையும் மலைநாட்டில் வென்று கொண்ட பண்டாரங்களிலிருந்து அவன் அளித்த கொடைகளைத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் குறிக்கின்றன. சேரநாடு அன்று பிறர்க்குத் தெறுபொருள் ஆகிக்கொண்டிருந்தது. அந்நெருக்கடியில் யூத வணிகரின் துணை நாடப்பட்டதன் விளைவே இவ்விடுபேறு என்னும் கருத்தினை, 1972இல் திருவனந்தபுரத்தில் வெளிவந்த தம் நூலில் நாராயணன் முன்வைத்தார். சான்றாளர் வரிசை இக்கருத்திற்கு அரண் செய்கிறது. எபிரேய வணிகன் இங்கு அடைக்கலம் புகுந்தவனாக அல்லன். அரசு நாடும் ஆற்றலுடையவனாகவே காட்சி தருகிறான்.

முடிவுரை

இரு வேந்தரும் தத்தம் நலன் கருதியே எபிரேயரை நடத்தினர். ஒருவன் அவர்களையே திறையாகக் கொண்டான். மற்றவன் அவர்களிடமிருந்து வரவேண்டிய சுங்கத்தை விட்டுக்கொடுத்தான். இவ்வேறுபாடு ஆவணங்கள் காக்கப்பட்ட முறையிலும் புலனாகிறது. யோயாக்கீனின் எண்ணெய்க் கணக்கு வென்றவனின் அரண்மனையில் எழுதப்பட்டு, அவ்வரண்மனையோடு புதையுண்டு, அகழ்வோர் கைக்கு வந்தது. பாஸ்கர இரவியின் செப்பேட்டைக் காத்தவர்கள் அதனைப் பெற்றவர்களே. 1568இல் மட்டாஞ்சேரியில் எழுந்த பரதேசி யூதப்பள்ளியில் அச்சமுதாயத்தார் அதனைப் பேணினர். 1948இல் இசுரேல் உருவான பின்னர் அவர்களுள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். தங்கள் உரிமையை வேந்தனின் மொழியிலேயே எழுதிப் பெற்று, அந்த ஏட்டைத் தலைமுறைதோறும் காத்துவந்த இச்சமுதாயத்தின் வரலாறு, கேரள வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. தமிழ் ஆவண வரலாற்றிலும் அதற்கு உரிய இடம் வழங்கப்பட வேண்டும்.