உமர் முக்தாரும் ஃபர்ஹாவும்



இந்த விடுமுறையில் நாம் இரண்டு படங்கள் பார்த்தோம். ஒன்று 1981இல் வெளிவந்த 'லயன் ஒஃப் த டெஸர்ட்'. மற்றது 2021இல் வந்த 'ஃபர்ஹா'. முதலாவது லிபியாவின் கதை, இரண்டாவது பலஸ்தீனத்தின் கதை. அடுத்தடுத்துப் பார்த்ததில் மனதில் பட்டதை எழுதுகிறோம்.

முதல் படத்தை இயக்கியவர் சிரியாவில் பிறந்த முஸ்தபா அக்காத். 'த மெசேஜ்' எடுத்தவரும் அவர்தான். உமர் முக்தாராக அன்டனி குயின் நடித்திருக்கிறார். 1911இல் லிபியாவுக்குள் நுழைந்த இத்தாலியை இருபது வருடங்கள் எதிர்த்து நின்ற முக்தார், தொழிலால் குர்ஆன் ஓதிக் கொடுத்த ஓர் ஆசிரியர். 1931 செப்டெம்பர் 16ஆம் திகதி சுலூக்கில் அவரைத் தூக்கிலிட்டபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கீழே விழுந்த அவரது மூக்குக்கண்ணாடியை ஒரு சிறுவன் எடுக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

தமது இராணுவத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்று 1982இல் இத்தாலி இந்தப் படத்தைத் தடுத்தது. 2009இல் கடாபி ரோமுக்குப் போன வேளையில்தான் அங்கே தொலைக்காட்சியில் காட்டினார்கள். படத்துக்குப் பணம் கொடுத்தது கடாபியின் அரசு என்பதையும் மனதில் வைத்தே பார்க்க வேண்டும்.

நல்ல படம்தான். ஆனாலும் எமக்கு ஒரு குறை தெரிகிறது. முக்தாரின் போராளிகளுக்கு ஊரார் உதவக்கூடாது என்று இத்தாலியர் சுமார் ஒரு இலட்சம் பேரை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். பல்லாயிரம் பேர் அங்கேயே மௌத்தானார்கள். படம் அந்த முகாம்களைக் காட்டத்தான் செய்கிறது. ஆனால் கதை எப்போதும் தலைவரிடமே திரும்பிவிடுகிறது.

'ஃபர்ஹா'வில் தலைவர் எவரும் இல்லை. 1948. பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி பட்டணத்துப் பாடசாலைக்குப் போய்ப் படிக்க ஆசைப்படுகிறாள். வாப்பா ஒருவாறு சம்மதிக்கிறார். அந்தச் சந்தோஷம் அடங்குமுன்னே ஊர் தாக்கப்படுகிறது. வாப்பா அவளை வீட்டுச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, திரும்பி வருவேன் என்று போகிறார். அதன்பின் அவள் கதவு இடுக்கால் காண்பதைத்தான் நாமும் காண்கிறோம். நக்பா என்ற சொல்லைப் பல தடவை வாசித்திருக்கிறோம். அது ஒரு வீட்டு முற்றத்தில் எப்படி நடந்தது என்பதை இந்தப் படம்தான் எமக்குக் காட்டியது.

இதையும் மறைக்கப் பார்த்தார்கள். 2022 டிசம்பரில் நெட்பிளிக்ஸில் வந்தபோது, யாபாவில் இதைத் திரையிட்ட அரங்கின் அரச நிதியை நிறுத்த இஸ்ரேலின் நிதியமைச்சர் முனைந்தார்.

இந்தக் கதை படமான விதத்தைக் கவனியுங்கள். உயிர் தப்பிச் சிரியாவுக்குப் போன அந்தப் பிள்ளை, தான் கண்டதை அங்கே இன்னொரு பிள்ளைக்குச் சொன்னாள். கேட்டவள் வளர்ந்து தாயாகித் தன் மகளுக்குச் சொன்னாள். அந்த மகள்தான் இயக்குநர் தாரின் சல்லாம். எழுபது வருடங்களுக்கு மேல் இந்தக் கதையைக் காத்தது வாய்ச்சொல் மட்டும்தான்.

எமது சமூகத்திலும் பூட்டிய கதவுகள் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த எண்ணிக்கையை எம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் தம் வீட்டு உம்மம்மா அன்று எதைத் தூக்கிக்கொண்டு வந்தார், எதை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்தார் என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்று நாற்பது வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். மையித்து அறிவித்தல்களில் அவர்களது பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. படம் எடுக்க எம்மிடம் பணம் இல்லை. ஆனால் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. இந்த வாரமே அவர்களோடு உட்காருங்கள். எந்தத் தெரு, எந்த வீடு, பக்கத்து வீட்டில் யார், எந்தப் பாதையால் வந்தார்கள் என்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள். திகதியையும் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.