பதில் வராத கடிதம்

கடிதம் போட்டு விட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவனுக்குச் சந்தேகங்கள் மூன்று. கடிதம் போய்ச் சேரவில்லையா? சேர்ந்தும் அவர் எழுதவில்லையா? எழுதிய பதில்தான் வழியில் தொலைந்ததா? மௌனம் ஒன்றுதான், அதற்குப் பொருள் பல.

1980-களில் அமெரிக்க ஆராய்ச்சிக் கூடங்களில் 'ஒர்க்ஸ்டேஷன்' என்னும் மேஜைக் கணினிகளின் முன் உட்கார்ந்தவர்களுக்கும் இதே சங்கடம் உண்டாயிற்று. அந்த யந்திரங்கள் செய்தியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பின. வழியிலிருந்த யந்திரம் எதற்கும் முழு வழியும் தெரியாது. 'இந்த விலாசமா? அடுத்தவனிடம் கொடு' என்ற மட்டில்தான் அதன் குறிப்பேடு சொல்லும். அதில் ஒரு வரி பிசகினால் போதும். இரண்டு யந்திரங்கள் ஒரே பொட்டலத்தை ஒன்றன் தலையில் ஒன்று மாற்றி மாற்றிக் கட்டும். அனுப்பியவருக்கு மிஞ்சுவது மௌனம்.

முதல் உபாயம் 1983 டிசம்பரில் பிறந்தது. மேரிலாந்து மாகாணத்தில், அபர்டீன் ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த மைக் மூஸ், தம் வலைப்பின்னலில் கண்ட கோளாறைத் துப்பறிய ஒரே இரவில் ஏறக்குறைய ஆயிரம் வரியில் ஒரு நிரல் எழுதினார். அதற்குப் பெயர் 'பிங்'. கடலடியில் ஒலி எழுப்பி எதிரொலி கேட்கும் கருவியின் ஓசை அது. "இருக்கிறாயா?" என்று கேட்கும், "இருக்கிறேன்" என்ற பதில் வர எவ்வளவு நேரமாயிற்று என்றும் சொல்லும். ஒருவர் பதில் வரும்போதெல்லாம் யந்திரம் 'பிங், பிங்' என்று உரக்கக் கத்தும்படி செய்துவிட்டு, கட்டடம் முழுவதும் ஒவ்வொரு கம்பி இணைப்பாக அசைத்துக் கொண்டே போனாராம். சத்தம் நின்ற இடத்தில் கோளாறு அகப்பட்டது! மூஸ் ரசித்துச் சொன்ன கதை இது.

ஆனால் பதிலே வராவிட்டால், வழியில் எங்கே நின்றது என்று 'பிங்' சொல்லாது. அதைச் சொல்ல வந்தது 1988-ல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக் கூடத்தில் வான் ஜேக்கப்ஸன் எழுதிய 'டிரேஸ்ரூட்'. யோசனை ஸ்டீவ் டீரிங் என்பவருடையது. பொட்டலங்கள் முடிவில்லாமல் சுற்றக் கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் எண் எழுதியிருப்பார்கள். வாசலுக்கு வாசல் அது ஒன்று குறையும். பூஜ்யமானால் அந்த வாசற்காரன் பொட்டலத்தை எறிந்துவிட்டு, 'உங்கள் பொட்டலத்தின் காலம் முடிந்தது' என்று தன் விலாசமிட்டு எழுதுவான். ஜேக்கப்ஸனின் நிரல் ஆயுள் ஒன்றுள்ள பொட்டலத்தை அனுப்பிற்று. முதல் வாசலின் சாவோலை வந்தது. பிறகு இரண்டு, மூன்று என்று ஆயுளைக் கூட்டிக் கொண்டே போயிற்று. சாவோலைகளை வரிசையாக அடுக்கினால், அதுவே வழியின் படம்!

சாவோலை வராத இடத்தில் நிரல் ஒரு நட்சத்திரக் குறி இடும். அதைக் கண்டதும் 'இங்கேதான் கோளாறு' என்று தீர்மானிக்கக் கூடாது. எம்.ஐ.டி.க்குப் போகும் வழியில் சில வாசல்கள் ஓலை எழுதும் பழக்கமே இல்லாதவை. ஆனாலும் பொட்டலத்தை ஒழுங்காக அடுத்த வாசலுக்கு அனுப்பி வைத்தன. வேறு சில வாசல்கள் எழுதிய ஓலைக்குத் திரும்பி வரும் அளவுக்கு ஆயுள் இருப்பதில்லை.

மூஸ் 2000-ஆம் ஆண்டு ஒரு மோட்டார் விபத்தில் காலமானார். அவருடைய ஓரிரவு வேலையும், ஜேக்கப்ஸனின் சாவோலைக் கணக்கும் இன்றும் வழக்கத்தில் இருக்கின்றன. பதில் வரவில்லையென்று எதிராளியின் மேல் பழி போடுமுன், கடிதம் எந்த வாசல் வரையில் போயிற்று என்று விசாரிக்கும் நிதானத்தை அவை கற்றுக் கொடுத்தன.