பழைய வீட்டுக்குப் புதிய காற்று: புக்கிட் மேரா தரும் பாடம்



பால்வெட்டு முடிந்து, உச்சி வேளையில் லயத்துக்குத் திரும்புகிறோம். வெளியே அடிக்கும் வெயிலைக் காட்டிலும் தகரக் கூரையின் கீழே உள்ள புழுக்கம் அதிகமாய் இருக்கிறது. "இந்த வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினால்தான் விடிவு" என்று அலுத்துக்கொள்கிறோம். இடிக்காமலே பழைய வீட்டைச் சீராக்க வழி உண்டா? சிங்கப்பூரின் புக்கிட் மேரா வட்டார வரலாறு இதற்கு விடை தருகிறது.

புக்கிட் மேரா என்றால் மலாய் மொழியில் செங்குன்று என்று பொருள். அந்தப் பக்கம் நமக்கு அந்நியமானதன்று. அலெக்சாண்ட்ரா செங்கல் சூளையில் தமிழர்கள் உழைத்தார்கள். 1913ஆம் ஆண்டில் அங்கே சிறிய அளவில் எழுந்த கோயில்தான் பின்னர் இடம் மாறி, இன்று டிப்போ சாலையில் ஸ்ரீ ருத்ர காளியம்மன் கோயிலாக விளங்குகிறது.

இவ்வட்டாரத்தைச் சேர்ந்த தியோங் பாருவில், 1936ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. நடுவே திறந்த காற்று முற்றம் விட்டார்கள். ஒளியும் காற்றும் உள்ளே வந்தன. 2003ஆம் ஆண்டில் போருக்கு முற்பட்ட 20 புளோக்குகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவிக்கப்பட்டன. இன்றும் அவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள்.

ஆனால் ஏழை மக்கள் பலர் அத்தாப்புக் குடிசைகளில் வாழ்ந்தார்கள். அத்தாப்பு வெயிலைத் தடுக்கும், நெருப்பைத் தடுக்காது. 1961 மே 25ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாளன்று, புக்கிட் ஹோ சுவீயில் பெருந்தீ மூண்டது. நால்வர் மாண்டனர்; ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதற்கு முந்திய ஆண்டில்தான் தோன்றியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எரிந்த மண்ணிலேயே அடுக்குமாடிகளை எழுப்பியது. 1964ஆம் ஆண்டில் குடியிருப்போரே வீட்டை வாங்கிக்கொள்ளும் திட்டமும் வந்தது.

ஆண்டுகள் கடந்தன. கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பி துருப்பிடித்தது, கூரையடிச் சாந்து உதிர்ந்தது, குழாய்கள் கசிந்தன. சில புளோக்குகள் இடிக்கப்பட்டன என்பதும் உண்மையே. ஆனால் இடித்தால், அந்தக் கல்லும் சிமெண்டும் இரும்பும் செய்யச் செலவான எரிபொருள் முழுவதும் வீணாகிறது. புதிதாகக் கட்ட மறுபடியும் அவ்வளவு எரிக்க வேண்டும். 2007ஆம் ஆண்டில் இல்ல மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1986 வரை கட்டிய வீடுகள் முதலில் இதில் சேர்ந்தன. பிறகு 1997 வரை கட்டியவையும் சேர்ந்தன. உதிரும் கான்கிரீட்டைச் சரிசெய்வது, கழிவுக் குழாய்களை மாற்றுவது போன்ற அவசியப் பணிகளுக்குக் குடிமக்களின் செலவை அரசே ஏற்கிறது.

2020ஆம் ஆண்டில் பசுமை நகர்த் திட்டம் வந்தது. 2030க்குள் வீடமைப்பு நகர்களின் ஆற்றல் பயன்பாட்டை 15 விழுக்காடு குறைப்பது அதன் இலக்கு. கூரைகளில் சூரிய ஒளித் தகடுகள் ஏறின. வெயிலைத் திருப்பியனுப்பும் வண்ணப்பூச்சும் பயனுக்கு வந்தது.

இவற்றில் நாம் செய்யக்கூடியவை எவை? 60 வாட் குண்டு பல்புக்குப் பதிலாக 9 வாட் எல்இடி விளக்குப் போதும். குளிர்சாதனம் இழுக்கும் மின்சாரத்தில் பத்துக்கும் மேற்பட்ட மின்விசிறிகள் சுழலும். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்தால் காற்று ஓடும். மேற்குச் சுவரோரம் அவரைப் பந்தல் போட்டால், மாலை வெயில் சுவரைச் சுடாது. குழம்புக்கும் காய் கிடைக்கும்.

தகரத்தின் கீழே மச்சுப் பலகை அடிப்பதும், கூரைக்கு வெள்ளைப் பூச்சு பூசுவதும், முகட்டருகே காற்றுத் துளை விடுவதும் பெரிய வேலைகள். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நாம் தனியே சுவரைத் தொட முடியாது. இங்குதான் புக்கிட் மேரா போன்ற வட்டாரங்களின் முக்கியப் பாடம் இருக்கிறது. இல்ல மேம்பாட்டுத் திட்டம் ஒரு புளோக்குக்கு வர வேண்டுமானால், தகுதியுள்ள வீட்டாரில் 75 விழுக்காட்டினராவது சம்மதித்து வாக்களிக்க வேண்டும். குடியிருப்பவரைக் கேட்டபின்பே கொத்தனார் வருகிறார்.

நாமும் அவ்வாறே ஒன்றுகூடுவோம். எந்த வீட்டில் ஒழுகுகிறது, எந்தச் சுவர் சுடுகிறது என்று வீட்டுக்கு வீடு எழுதி வைப்போம். தொழிற்சங்கத்தின் வழியாக நிர்வாகத்திடம் அந்தப் பட்டியலைக் கொடுப்போம். ஒரு வீட்டார் கேட்டால் அது முறையீடாக நின்றுவிடும். லயமே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவரை விதையை மட்டும் இன்றே ஊன்றி வைப்போம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.