படத்தில் விழாத பேர்

தலவாக்கலையிலிருந்து ஹட்டன், நோர்வூட் வழியா பொகவந்தலாவைக்குப் போனா, சென்ட் மேரிஸ் தேவாலய மயானத்தில் ஒரு போட்டோக்காரரின் கல்லறை இருக்கு. ஜூலியா மார்கரெட் கெமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில்தான் கமராவைத் தொட்டார். இங்கிலாந்தில் டார்வின், டெனிசன் என்று பெரிய தலைகளெல்லாம் அவர் முன்னால் உட்கார்ந்தார்கள். வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் மாதாவாக நிறுத்திப் படமெடுத்தார். மேரி ஹில்லியர் என்ற அந்தப் பெண்ணின் பெயர் இன்றைக்கும் தெரியும்.

1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். பாடசாலையில் கோல்புரூக்–கெமரன் சீர்திருத்தம் படிச்சோமே, அதே கெமரன்தான் கணவர். குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன; கோப்பியை இலைநோய் தின்றுகொண்டிருந்த காலம் அது.

1879இல் இறக்கும்வரை இங்கே எடுத்தவற்றில் மிஞ்சியது கொஞ்சம்தான். அவற்றில் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். பிறகு வந்த தபாலட்டைக்காரர்கள் கூடையையும் மலையையும் காட்டி ஆளைச் சின்னதாக்கினார்கள். கெமரன் ஆளைத்தான் பார்த்தார். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனா தலைப்பைப் பாருங்க: 'களுத்துறைக் குடியானவர் குழு'. அவ்வளவுதான். 1877இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தையும் எடுத்தார். அது யாருடைய படம் என்று யாரும் தேட வேண்டியதில்லை. நம்ம ஆட்களும் அதே கமரா முன்னால் பல விநாடி அசையாமல்தான் நின்றார்கள்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் சம்பளம். அரைப்பேர் போட்டாலே சண்டைக்குப் போற சனம் நாம.