கடலில்லா ஊருக்கு ஒரு துறைமுகம்

மேற்கே மலை, கிழக்கே கரிசல், நடுவே கண்மாய்கள். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிறந்து வளர்ந்த நம்மில் பலர், பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி சென்ற அன்றுதான் முதன்முதலாகக் கடலைக் கண்டிருப்போம். அப்படியிருக்க, நம் பங்கின் ஜூபிலி மலரில் துறைமுகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். காரணம் உண்டு. நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் இருக்கும் அந்தத் துறைமுகமே பல தலைமுறைகளாக நம் பருத்திக்கு வாசல். நாம் கைக்கொண்டுள்ள வேதமும் அந்தக் கரையிலிருந்து, அதே வணிகப் பாதையில்தான் உள்நாட்டுக்குள் வந்தது.

புனித சவேரியார் 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்ததை ஞானோபதேச வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அங்கிருந்து வேதம் உள்நாட்டுக்கு வந்தது எப்படி? மதுரைக்கு வந்துபோன பரதவ வணிகர்களின் ஆன்ம காரியங்களைக் கவனிப்பதற்காகவே 1595-ஆம் ஆண்டளவில் கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற சேசு சபைக் குரு அந்நகரில் தங்கினார். 1606-இல் தத்துவப் போதகர் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது, அவருக்கு முன்பே அங்கு ஒரு சிற்றாலயம் இருந்ததற்கு இதுவே காரணம். அதன்பின் மதுரை மிஷன் விரிந்தது. 1710-களில் கோவில்பட்டிக்கு அருகேயுள்ள காமநாயக்கன்பட்டியில் வீரமாமுனிவர் பணியாற்றினார். கடற்கரைக்கும் நம் ஊர்களுக்கும் இடைவழியில் இருக்கும் கரிசல் ஊர் அது. தத்துவப் போதகரையும் வீரமாமுனிவரையும் நாம் கொண்டாடுவது முறையே. ஆனால் சரக்கு மூட்டையோடு ஜெபமாலையையும் எடுத்து வந்த அந்த வணிகர்களின் பெயர்களை நாம் அறியோம்.

1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. அவர்கள் கத்தோலிக்கரல்லர். குருக்கள் வெளியேற்றப்பட்டனர், மக்களோ விசுவாசத்தை விடவில்லை. டச்சுக்காரரின் நாட்டம் முத்திலும் துணியிலும் இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் உள்ளூர்களில் நெய்த பருத்தித் துணிகளை அவர்கள் இத்துறையில் கப்பலேற்றினர். அவர்கள் ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, 1713-இல், பனிமய மாதாவுக்குப் புதிய ஆலயம் எழுந்தது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. 1825-இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

நம் பகுதியின் கதை சூடு பிடிப்பது இதற்குப் பிறகுதான். 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமையும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் தாலுகாக்கள் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. ஆகவே சீமைச் சந்தையில் 'திருநெல்வேலிப் பஞ்சு' என்று பேர் வாங்கியதில் நம் கரிசலின் பங்கும் அடங்கும். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வரத்து நின்றது. இங்கே பருத்தி விலை ஏணி வைத்தாற்போல் ஏறியது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. எங்கோ நடந்த சண்டைக்கு நம் சம்சாரி ஒரு வெள்ளாமையில் நிமிர்ந்தான், மறு வெள்ளாமையில் குனிந்தான். துறைமுகம் நமக்குத் தந்தது பணம் மட்டுமன்று, இந்தப் பதற்றத்தையும் சேர்த்துத்தான். மழை பெய்ததா என்று மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், சீமையில் என்ன விலை என்றும் கேட்கத் தொடங்கினான்.

அந்நாளில் பருத்திப் பொதிகள் மாட்டு வண்டியில்தான் போயின. வண்டிகள் வரிசையாக, இரவெல்லாம் நடந்து, காளைகளுக்குத் தண்ணீர் காட்டி, மறுபடியும் பூட்டிச் செல்லும். 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் வண்டிப் பயணம் சாத்தூர், விருதுபட்டி நிலையங்களோடு முடிந்தது. தூத்துக்குடியில் பஞ்சை இறுக்கிப் பேல் கட்டும் பிரஸ்களும் பெரிய கிட்டங்கிகளும் எழுந்தன. ஆயினும் அது ஆழமில்லாத துறை. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரமிடும். ஒவ்வொரு பேலும் தோளேறித் தோணிக்குப் போக வேண்டும். தோணியிலிருந்து, ஆடும் கடலில், கப்பலுக்கு ஏற வேண்டும். நம் கரிசலில் பருத்தி எடுத்த பெண்களின் விரலும், அங்கே பேல் சுமந்த தோளும் ஒரே சரக்கினால் காய்த்தவை.

வெளிநாடு போனவை பேல்கள் மாத்திரமல்ல. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி ஏற்படும்வரை, கொழும்புக்குக் கப்பலேறும் இடம் தூத்துக்குடியே. மழை பொய்த்த ஆண்டுகளில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன ஏழைக் குடும்பங்களும் அத்துறையில் காத்துக் கிடந்தன.

ஹார்வி கம்பெனியார் 1888-இல் தூத்துக்குடியில் கோரல் மில்லை நிறுவினர். 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, அதன் தலைவராக இருந்தவர் அருப்புக்கோட்டை அருகிலுள்ள பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். கடலில்லா மண்ணின் மனிதர் கப்பல் கம்பெனிக்குத் தலைவர்! 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியவை அவர்கள் கோரிக்கைகள். சில நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911-இல் கம்பெனியும் கலைந்தது. ஓய்வு நாளைப் பரிசுத்தமாக அனுசரிக்க வேண்டும் என்பது தேவ கட்டளை. அந்த ஓய்வைத் தூத்துக்குடியில் தொழிலாளர் போராடித்தான் கேட்க வேண்டியிருந்தது.

1927-இல் விருதுநகர்–தென்காசி இருப்புப் பாதை திறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் ரயில் கண்டன. பெரும் கப்பல்களுக்குச் சரக்கேற்றிய தூத்துக்குடிக்குத் தாமிரபரணிக் குடிநீர் வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். அதற்குப் பாடுபட்டவர் நகரசபைத் தலைவர் ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து. 1936-இல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸை நிறுவினார். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பஞ்சு நம் ஊரிலேயே நூலாகத் தொடங்கியது. மில் சங்கொலி நம் ஊர்க் கடிகாரமாயிற்று.

தூத்துக்குடியில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கல் அணைகளைக் கடலுக்குள் கட்டி உருவாக்கிய புதிய துறைமுகம், 1974 ஜூலையில் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் அது வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கி நிற்கிறது. தோணி தேடாமல் கப்பல் நேரே வந்து அணைகிறது. நம் பக்கத்து நூலும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும், சிவகாசித் தீப்பெட்டியும் கண்டெய்னர்களில் ஏறுகின்றன. திரும்பும் லாரிகளில் வருவது என்ன தெரியுமா? பஞ்சு! உயர்ந்த ரக நூலுக்கு நீள இழைப் பஞ்சு வேண்டும். எகிப்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அது நம் மில்களுக்கு வருகிறது. கரிசலின் கருங்கண்ணியும் உப்பமும் குட்டை இழை ரகங்கள். அவற்றை விதைத்த புஞ்சைகளில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. இதை முன்னேற்றம் என்று மில்காரர் சொல்வார். சம்சாரியைக் கேட்டால் வேறு பதில் வரும்.

ஆகஸ்டு 5-ஆம் தேதித் திருவிழாவுக்கு நம் ஊர்களிலிருந்து செல்பவர்கள், பூசை முடிந்ததும் ஆலயத்துக்குக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் பழைய துறைமுகத்தைக் காணலாம். அங்கே இப்போதும் மரத்தோணிகளில் ஆட்கள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.